படமா, கையெழுத்தா? பிளகின் தடுக்கப்பட்டால் எந்த வழியில் போவது

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

முதலில் ஆம்பூர். ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் யூனிட் அது. அதன் முதலாளி பாய் எனக்குப் பல வருடப் பழக்கம். "தம்பி, கேமரா பக்கம் தொறக்குது, பாஸ்வேர்டு வாங்குது, ஆனா படம் வர்ல. பிளகின் போடுன்னு கேக்குது, போட்டா பிளாக் ஆயிடுச்சுன்னு சொல்லுது" என்றார். (பிளகின் என்பது பிரவுசரோடு ஒட்டி வேலை செய்யும் சின்னத் துணை நிரல்.) இரண்டு நாள் கழித்து சத்துவாச்சாரியிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் அண்ணன். தனியார் கம்பெனி ஒன்றின் வெண்டர் போர்ட்டலில் விலைப்புள்ளி ஏற்ற வேண்டும். டிஎஸ்சி டோக்கனை, அதாவது மின் கையெழுத்துக்கான சாவி இருக்கும் யுஎஸ்பி குச்சியை, செருகியாகிவிட்டது. கையெழுத்துப் போடும் பெட்டி வர வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம், அதற்குள் 'அப்ளிகேஷன் பிளாக்ட் பை ஜாவா செக்யூரிட்டி' என்று ஒரு வரி. மறுநாள் மதியம் மூன்று மணிக்குப் போர்ட்டல் மூடிவிடும்.

இரண்டு பேரும் கடைசியில் கேட்டது ஒரே கேள்விதான். "அந்த செக்யூரிட்டிய கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டா ஆவாதா?"

ஆகும். பல நேரங்களில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் 'கொஞ்ச நேரம்' என்று அணைத்ததை யாரும் திரும்பப் போடுவதில்லை. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் நான் போய்ப் பார்த்த ஆபீஸ்களில், என்றைக்கோ ஒரு அவசரத்துக்குத் தளர்த்திய செட்டிங் அப்படியே இருக்கிறது. அதே சிஸ்டத்தில்தான் பேங்க் வேலையும் நடக்கிறது, ஜிஎஸ்டியும் நடக்கிறது. அதனால் இந்த வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் பார்க்கிற அளவுகோல் ஒன்றுதான்: அந்தப் பிளகினுக்குப் பின்னால் இருப்பது என்ன? பாய்க்கு வேண்டியது படம். அண்ணனுக்கு வேண்டியது கையெழுத்து. தடுப்பு ஒரே மாதிரி தெரிந்தாலும், இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஏன் தடுக்கிறார்கள்

பிரவுசர் ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கும்போது அதைக் கூண்டுக்குள் வைத்துத்தான் ஓடவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் நிரல் உங்கள் டி டிரைவில் கை வைக்க முடியாது. பழைய பிளகின்கள் அப்படி இல்லை. ஜாவா, ஃபிளாஷ், டிவிஆர் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) கம்பெனிகள் கொடுக்கும் ஆக்டிவ்எக்ஸ் எல்லாமே கூண்டுக்கு வெளியே, நீங்கள் லாகின் செய்திருக்கும் அதே உரிமையோடு ஓடக்கூடியவை. யுஎஸ்பி டோக்கனைத் தொட வேண்டும், கேமரா படத்தை விரித்துக் காட்ட வேண்டும் என்றால் அந்த உரிமை தேவைப்பட்டது. அதே உரிமை திருடனுக்கும் பயன்பட்டது.

2013 ஜனவரியில் ஜாவா 7-ல் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தபோது, பிரவுசரில் ஜாவாவை நிறுத்தி வையுங்கள் என்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே சொன்னது. ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், உள்ளே நுழைந்துவிடலாம் என்கிற அளவுக்கு ஓட்டை. அதற்குப் பிறகு ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் கம்பெனி கயிற்றை இறுக்கிக்கொண்டே வந்தது. 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51 முதல், எழுதியவர் யார் என்று காட்டும் முறையான சான்றிதழோடு கையெழுத்திடப்படாத ஆப்லெட் (வலைப்பக்கத்துக்குள் ஓடும் ஜாவா நிரல்) சாதாரண நிலையில் ஓடாது. அதே வருடம் ஜாவா 8 அப்டேட் 20-ல் 'மீடியம்' என்ற பாதுகாப்பு நிலையையே எடுத்துவிட்டார்கள். 2018-ல் வந்த ஜாவா 11-ல் பிரவுசர் பிளகினே இல்லை.

பிரவுசர்காரர்களும் கதவைச் சாத்தினார்கள். குரோம் 2015 ஏப்ரலில் பழைய பிளகின்களை அணைத்து வைத்தது, செப்டம்பரில் முழுதாக நீக்கியது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷைத் தவிர மற்றதை விட்டது. ஃபிளாஷும் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. ஆகவே, இன்றைய குரோமில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் ஜாவா ஆப்லெட் வராது. அதற்கான இடமே அதில் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜாவாவை நாலு தரம் எடுத்துப் போட்டு நாலு தரம் ரீஸ்டார்ட் செய்து அரை நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த வரியைப் படியுங்கள்

வழியைத் தேடும் முன்னால், எது தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரவுசர் தடுப்பது வேறு, ஜாவா தடுப்பது வேறு, விண்டோஸ் தடுப்பது வேறு. 'இந்தப் பிளகினுக்கு ஆதரவில்லை' என்கிற மாதிரி வந்தால் பிரவுசர். 'செல்ஃப் சைன்ட்', 'எக்ஸ்பயர்ட்' என்று வந்தால் ஜாவா. டிவிஆர் பக்கத்திலிருந்து இறக்கிய கோப்பைத் திறக்கும்போது நீலத் திரை குறுக்கே வந்தால் அது விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன்.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு, நான் எதையும் தொடவே இல்ல" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் உண்மைதான் சொல்கிறார்கள். 2012 கடைசியில் வந்த ஜாவா 7 அப்டேட் 10 முதல், ஒவ்வொரு ஜாவா பதிப்புக்குள்ளும் ஒரு காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதி தாண்டினால், இணையமே இல்லாத சிஸ்டத்தில்கூட 'பழசாகிவிட்டது' என்று எச்சரிக்கத் தொடங்கும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை.

அப்புறம், இதைவிட எளிய காரணம் ஒன்று. அண்ணன் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்ததும் நான் முதலில் பார்த்தது திரையின் வலது மூலையை. தேதி பல வருடம் பின்னால் இருந்தது. முந்தின நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இல்லை. பழைய டெஸ்க்டாப், மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. கரண்ட் போனதும் சிஸ்டம் தன் தேதியை மறந்துவிட்டது. சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை' என்று ஒரு ஆயுள் இருப்பதால், கடிகாரம் தப்பானால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் கிளிப்பைத் தள்ளியதும் பேட்டரி துள்ளி வெளியே வந்தது. பையில் இருந்த புதியதைப் போட்டு, தேதியைச் சரி செய்தேன். கூகுள் பக்கம்கூட அப்போதுதான் எச்சரிக்கை இல்லாமல் திறந்தது.

ஆனால் சாம்பல் கட்டம் போகவில்லை. போர்ட்டலின் ஆப்லெட்டே பழையது. அதில் கையெழுத்திட்ட சான்றிதழின் ஆயுள் உண்மையிலேயே முடிந்திருந்தது. இங்கேதான் வழிகளை எடை போட வேண்டி வந்தது.

எல்லாவற்றையும் தளர்த்துவது

இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் ஆக்டிவ்எக்ஸ் சம்பந்தப்பட்ட வரிகளுக்கெல்லாம் 'எனேபிள்' கொடுப்பது, ஆன்டிவைரஸை நிறுத்துவது, மீடியம் நிலை இருந்த பழைய ஜாவாவைத் தேடிப் பிடித்துப் போடுவது. நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். சீக்கிரம் முடிகிறது, செலவில்லை, போன் பேசிக்கொண்டே செய்துவிடலாம்.

இதை நான் எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன். கதவு ஒரு தளத்துக்காகத் திறக்கப்படுவதில்லை, எல்லாத் தளத்துக்கும் திறக்கிறது. பழைய ஜாவாவை எங்கிருந்தோ இறக்கினால் அதற்குள் என்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. படமோ கையெழுத்தோ, இரண்டுக்கும் இது வேண்டாம்.

ஒரு தளத்துக்கு மட்டும் விலக்கு

ஜாவாவுக்கு இது இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் ஜாவா, அதில் செக்யூரிட்டி, அதில் 'எடிட் சைட் லிஸ்ட்'. நீங்கள் நம்பும் தளத்தின் முகவரியை அங்கே சேர்த்தால், அந்தத் தளத்தின் ஆப்லெட் மட்டும் எச்சரிக்கை கேட்டுவிட்டு ஓடும். மற்ற எல்லாத் தளத்துக்கும் பூட்டு பூட்டாகவே இருக்கும். முன்னால் சொன்னதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இதில் வழுக்கும் இடங்கள் இரண்டு. முகவரியை எழுத்துக்கு எழுத்து சரியாகக் கொடுக்க வேண்டும். எச்டிடிபிஎஸ் என்று இருப்பதை எச்டிடிபி என்று கொடுத்தால் வேறு தளம். முகவரிக்குப் பின்னால் 8443 போல ஒரு போர்ட் எண் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். இன்னொன்று, இந்தப் பட்டியல் ஒவ்வொரு விண்டோஸ் யூசருக்கும் தனித்தனி. அண்ணன் தன் லாகினில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தார். விலைப்புள்ளி ஏற்றும் அக்கவுன்டன்ட் பெண்ணின் லாகினில் பட்டியல் காலி. "நான்தான் போட்டு வெச்சிருக்கேனே, பாரு" என்று அவர் காட்டியதும் உண்மை, அந்தப் பெண்ணுக்கு வராததும் உண்மை.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: ஆப்லெட்டை ஓட்டக்கூடிய பிரவுசர் ஒன்று கையில் இருக்க வேண்டும். இந்தப் பட்டியல் ஜாவாவின் பூட்டைத் திறக்கும். பிரவுசரின் பூட்டைத் திறக்காது. 2019 ஏப்ரல் முதல் வந்த ஆரக்கிள் ஜாவா 8 அப்டேட்களை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கட்டண உரிமம் வேண்டும் என்பதையும் ஆபீஸ்காரர்கள் மறந்துவிடக் கூடாது.

எட்ஜுக்குள் இருக்கும் ஐஇ

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-ஐ மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு கொடுத்து அனுப்பியது, 2023 பிப்ரவரியில் அதை நிரந்தரமாக முடக்கியது. ஆனால் அதன் எஞ்சினை மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசருக்குள் இன்னும் ஓட்ட முடியும். எட்ஜ் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போய், ஐஇ மோடில் தளங்களைத் திறக்க அனுமதி கொடுத்து, எட்ஜை மூடித் திறந்து, அதே பகுதியில் இருக்கும் ஐஇ மோட் பக்கங்களின் பட்டியலில் தளத்தின் முகவரியைச் சேர்த்தால், அந்தப் பக்கம் ஐஇ மோடில் திறக்கும். ஆக்டிவ்எக்ஸும் ஜாவாவும் அதற்குள் ஓடும். குறைந்தது 2029 வரை இதை வைத்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது, அது தளம் தளமாகத்தான் திறக்கிறது என்பது. நீங்கள் சேர்த்த பக்கம் 30 நாள்தான் பட்டியலில் இருக்கும், பிறகு தானாக விழுந்துவிடும். திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கிறதே என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். தேவை முடிந்ததும் தானே சாத்திக்கொள்ளும் கதவு நமக்கு நல்லதுதான். ஜாவாவுக்கு என்றால் பெரும்பாலும் 32 பிட் ஜாவாதான் இதில் பிடிக்கும்; விண்டோஸ் 64 பிட் என்பதால் ஜாவாவும் 64 போட்டுவிட்டு, காணோமே என்று தேடுபவர்கள் நிறைய.

பழைய பிரவுசரை வைத்துக்கொள்வது

ஃபயர்பாக்ஸ் 52-ன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு பழைய பிளகின்களை ஏற்றுக்கொண்டது. 2018-ல் அதற்கும் பாதுகாப்புத் திருத்தம் நின்றது. பேல் மூன் போன்ற ஒன்றிரண்டு பிரவுசர்கள் பழைய பிளகின் முறையை இன்னும் விடவில்லை. இதில் கஷ்டம் மனிதர்களிடம்தான். ஒரு டிவிஆருக்காக என்று வைத்த பழைய பிரவுசரில், பக்கத்தில் இருப்பவர் மெயில் பார்ப்பார், ரயில் டிக்கெட் போடுவார். டெஸ்க்டாப்பில் ஐகான் இருந்தால் கை அதன் மேல் போகத்தான் செய்யும். உள் நெட்வொர்க்கை விட்டு வெளியே போகாத சிஸ்டமாக இருந்தால் மட்டும் சரி என்பேன்.

தனி சிஸ்டம், அல்லது சிஸ்டத்துக்குள் சிஸ்டம்

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுவது எனக்கு மிகவும் பிடித்த வழி. மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இல்லாத ஆபீஸ் நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? அதில் பேங்க் வேண்டாம், மெயில் வேண்டாம், வாட்ஸ்அப் வெப் வேண்டாம். அந்த ஒரு தளம், அந்த ஒரு வேலை. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, எனவே பழைய சிஸ்டங்களை இப்படித் தனியாக நிறுத்துவது வேறு காரணத்துக்காகவும் நல்லது.

விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உள்ளே ஒரு பழைய விண்டோஸ் வைப்பது இதன் இன்னொரு வடிவம். தெரிந்தவர் கையில் அருமையான வழி. 4 ஜிபி ரேம் இருக்கும் ஆபீஸ் சிஸ்டத்தில் அது மூச்சுத் திணறும், டோக்கனை உள்ளே அனுப்பி வைப்பதும் தனி வேலை, உள்ளே போடும் விண்டோஸுக்கும் உரிமம் வேண்டும். பாய்க்கும் அண்ணனுக்கும் நான் இதைச் சொல்லவில்லை.

பிளகினே இல்லாமல் போவது

யாரும் முதலில் யோசிக்காத வழி இது. நமக்கு வேண்டியது பிளகின் கிடையாது. அது கொண்டுவரும் பொருள்தான். அந்தப் பொருளுக்கு வேறு வாசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேமரா படத்துக்கு வாசல்கள் நிறைய. டிவிஆர் பொதுவாக ஆர்டிஎஸ்பி என்ற முறையில் படத்தை அனுப்பும். பிரவுசருக்கு அந்த மொழி நேரடியாகப் புரியாது, அதனால்தான் இடையில் பிளகின் என்ற மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். விஎல்சி பிளேயருக்கு அந்த மொழி தெரியும். 'ஓபன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்' என்பதில் டிவிஆரின் முகவரியை, பெரும்பாலும் 554 என்ற போர்ட்டோடு, கொடுத்தால் படம் வந்துவிடும். முகவரியின் வால் பகுதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் இருக்கும். இதில் பாஸ்வேர்டை முகவரிக்குள்ளேயே எழுதி வைப்பது வழக்கம் என்பதால், படம் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனி யூசர் ஒன்றை டிவிஆரில் உண்டாக்கி அதைக் கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டை அங்கே எழுத வேண்டாம்.

டிவிஆர் தயாரிப்பாளரே கொடுக்கும் கம்ப்யூட்டர் மென்பொருள் ஒன்று உண்டு. அதில் நேரலையும் பார்க்கலாம், பழைய பதிவையும் தேடலாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். மொபைல் ஆப் எல்லோருக்கும் தெரிந்ததே.

எல்லாவற்றையும்விட எளியது, டிவிஆரின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டையில் ஒரு கேபிளைச் செருகி, முதலாளி அறையில் ஒரு மானிட்டரை வைத்துவிடுவது. நெட்வொர்க் வேண்டாம், பிரவுசர் வேண்டாம், பாஸ்வேர்டு திருட்டுப் போக வழியில்லை. 15 மீட்டருக்கு மேல் போனால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளில் படம் தடுமாறும். அப்போது கேட்-6 கேபிளில் ஓடும் எக்ஸ்டெண்டர் வாங்க வேண்டும், மவுஸையும் சேர்த்துக் கொண்டுபோகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

செய்யவே கூடாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிரவுசரில் வரவில்லையே என்று ரவுட்டரில் போர்ட் திறந்து, டிவிஆரை நேரடியாக இணையத்தின் முன்னால் நிறுத்துவது. 2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பிடித்துக்கொண்டவை இப்படிப்பட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும்தான். பெட்டியில் வரும்போதே இருக்கும் யூசர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் 60-க்கு மேல் அதனிடம் பட்டியலாக இருந்தன, அவ்வளவுதான். அந்த அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு தளப் பெயர்களுக்கு முகவரி கண்டுபிடித்துக் கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்காமல் போயின. ஆம்பூர் யூனிட்டில் ஓடும் ஒரு டிவிஆர் உலகத்துக்கு எதற்கு என்று நினைக்கக் கூடாது. அது ஆள் பார்த்து வருவதில்லை.

கையெழுத்துக்கு இத்தனை வாசல் இல்லை. இருப்பது முக்கியமாக ஒன்று: உதவி மென்பொருள். ஜிஎஸ்டியில் எம்சைனர், வருமான வரியில் எம்பிரிட்ஜ் என்று போடுகிறோமே, அதுதான். அது பிரவுசருக்குள் உட்காருவதில்லை. கம்ப்யூட்டரில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசர் அதனிடம் அந்தக் கம்ப்யூட்டரின் உள்முகவரி வழியாகப் பேசி, கையெழுத்தை வாங்கிக்கொள்ளும். இன்றைய குரோமிலேயே வேலை நடக்கும், ஜாவா பிளகின் தேவையில்லை. ஆனால் இதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தளத்துக்காரர்கள் அந்த ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும். செய்யாதவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு வார்த்தை: குடியாத்தத்தில் ஒரு ஆசிரியை பழைய ஃபிளாஷ் பாடங்கள் ஓடவில்லை என்று கேட்டார். அதற்கு ரஃபிள் என்ற இலவச எமுலேட்டர் போதும். கல்லூரியில் வைத்திருக்கும் பழைய ஜாவா ஆப்லெட் பரிசோதனைகளுக்கு குரோமிலேயே சியர்ப்ஜே என்ற நீட்சி இருக்கிறது. இவை கூண்டுக்குள்ளேயே ஓடுபவை, கவலையில்லை. அதே காரணத்தால் டோக்கனைத் தொட இவற்றால் முடியாது.

ஏன் கையெழுத்துக்கு இவ்வளவு கண்டிப்பு

படம் கசிந்தால் அவமானம், தொந்தரவு. கையெழுத்து கசிந்தால் கடன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 5-வது பிரிவு, இந்த மின் கையெழுத்துக்குக் கையால் போட்டதற்கு நிகரான மதிப்பைத் தருகிறது. 42-வது பிரிவு, அந்தத் தனிச்சாவியைப் பத்திரமாகக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை டிஎஸ்சி வாங்கியவர் மேலேயே வைக்கிறது. "சிஸ்டத்துல வைரஸ் இருந்துச்சுங்க" என்று பிறகு சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

டோக்கனுக்குள் இருக்கும் சாவியை வெளியே எடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் டோக்கன் செருகியே இருந்து, பின் எண்ணை (டோக்கனின் ரகசிய எண்) யாரோ விசைப்பலகையிலிருந்து படித்துவிட்டால், சாவியை எடுக்க வேண்டிய அவசியமே இல்லையே. அங்கேயே வைத்து வேலையை முடித்துக்கொள்ளலாம். அண்ணன் ஆபீசில் டோக்கன் சிபியு முன்னால் இரவும் பகலும் சொருகியே இருந்தது. பின் எண் ஒரு மஞ்சள் சீட்டில், மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒட்டியிருந்தது. முதலில் அதைக் கிழிக்கச் சொன்னேன். கிழித்தார்.

கடைசியில் என்ன செய்தோம்

அண்ணனுக்கு நேரம் இல்லை. மறுநாள் மூன்று மணி. உதவி மென்பொருள் உண்டா என்று போர்ட்டலின் உதவி எண்ணில் கேட்டால், "அடுத்த வெர்ஷனில் வரும் சார்" என்றார்கள். அதனால் இரண்டு வழிகளைச் சேர்த்தோம். ஆபீஸ் மூலையில் துணி போர்த்திக் கிடந்த ஒரு பழைய சிஸ்டத்தை எடுத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அப்டேட் எல்லாம் முடித்து, 32 பிட் ஜாவா 8-ன் புதிய அப்டேட்டைப் போட்டோம். எட்ஜில் ஐஇ மோடில் அந்த ஒரு முகவரி. ஜாவா பட்டியலிலும் அதே ஒரு முகவரி, அதுவும் அந்தப் பெண்ணின் லாகினிலேயே. மறுநாள் பதினொன்றரைக்குப் பெட்டி வந்தது, பின் எண் கேட்டது, ஏற்றி முடித்தோம். ரசீதை பிடிஎஃப் ஆக எடுத்ததும் டோக்கனைப் பிடுங்கி அண்ணன் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். அவருடைய அன்றாட சிஸ்டத்தில் இருந்த ஜாவாவை முழுசாக எடுத்துவிட்டேன். அவருடைய மற்ற வேலை எதற்கும் அது வேண்டியிருக்கவில்லை. சொந்தப் பெயரில் தொழில் செய்பவர் என்பதால் ஜிஎஸ்டி ரிட்டர்னை அவர் மொபைலுக்கு வரும் எண்ணைக் கொண்டே முடித்துக்கொள்கிறார்.

இது நிரந்தர ஏற்பாடு அல்ல என்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். போர்ட்டல்காரர்களுக்கு ஒரு மெயிலும் எழுதிக் கொடுத்தேன். ஆப்லெட்டில் கையெழுத்திட்ட சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, உதவி மென்பொருளுக்கு மாறும் தேதியைத் தெரிவியுங்கள் என்று இரண்டே வரி. உங்களுக்கும் இதே நிலை என்றால், போனில் சத்தம் போடுவதைவிட இந்த மாதிரி குறிப்பாக எழுதுங்கள். அடுத்த முனையில் இருப்பவர் அதை நிரல் எழுதுபவரிடம் அப்படியே அனுப்ப முடியும்.

பாய் விஷயத்தில் நான் முதலில் ஐஇ மோடைத்தான் முயன்று பார்த்தேன். படம் வந்தது. ஆனால் பிளகின் கோப்பு டிவிஆருக்குள்ளிருந்தே இறங்குவது, அதில் யாருடைய கையெழுத்தும் இல்லை, ஸ்மார்ட்ஸ்கிரீனைத் தாண்டித்தான் நிறுவ வேண்டியிருந்தது. அந்த சிஸ்டத்தில்தான் அவர் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு பில் போடுகிறார், கூலிக்கணக்கு வைத்திருக்கிறார். படம் பார்க்க இவ்வளவு எதற்கு என்று தோன்றியது. "நீங்க எப்ப பாப்பீங்க பாய், என்னத்த பாப்பீங்க?" என்று கேட்டேன். "தையல் லைன் ஓடுதா, கேட்டுல வண்டி வந்துச்சா, அவ்ளோதான் தம்பி. ராத்திரி வூட்ல இருந்து போன்ல பாத்துக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான் தேவை என்றால் பிரவுசரே வேண்டாம். போட்ட பிளகினை எடுத்துவிட்டேன். டிவிஆர் இருந்த ஸ்டோர் ரூமிலிருந்து அவர் அறைக்குச் சுவரோரமாக அளந்தால் 22 மீட்டர். கேட்-6 கேபிளை வெள்ளைக் குழாய்க்குள் விட்டு இழுத்து, இரண்டு முனையிலும் எக்ஸ்டெண்டர் வைத்து, பழைய 19 அங்குல மானிட்டர் ஒன்றை அவர் நாற்காலிக்கு எதிரே மாட்டினோம். ரவுட்டரில் யாரோ முன்பு திறந்து வைத்திருந்த போர்ட்டை மூடினேன், டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினேன். அவர் மகன் போனில் ஆப் போட்டுக் கொடுத்தான்.

மாட்டி முடித்துப் பார்க்கும்போது, திரையின் மூலையில் டிவிஆரின் நேரம் 11 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. பிரவுசரில் சின்னக் கட்டத்தில் பார்த்தபோது இதை யாரும் கவனித்ததே இல்லை. கேட்டில் வண்டி வந்த நேரத்தில் என்றைக்காவது தகராறு வந்து, போலீஸ் பதிவைக் கேட்டால் அந்த 11 நிமிடம் பெரிய விஷயம். மவுஸை வாங்கி நேரத்தைச் சரி செய்தேன். பாய் அதற்குள் பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, மூன்றாவது கேமராவில் யாரோ தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.